சிறு உலோகங்களுக்கு எதற்குச் சங்கம்? - முத்துக்குளித்துறை மணல் சொல்லும் வரலாறு

1984-ம் ஆண்டு வெளிவந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தின் பெட்ரோமாக்ஸ் லைட் காமெடியைப் பார்க்காதவர்கள் தமிழ்நாட்டில் இருப்பது கஷ்டம். இந்த மேண்டில் எப்படி எரிகிறது என்று செந்திலுக்கு ஒரு சந்தேகம். சந்தேகம் கேட்ட கையோடு அதை நசுக்கியும் விடுவார். கவுண்டமணி கொதித்துப் போவார். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு அத்தோடு மறந்துவிட்டோம்.

ஆனால் செந்தில் கேட்டது நல்ல கேள்வி! மேண்டில் என்பது நூலால் பின்னிய ஒரு சின்னப் பை. அதைத் தோரியம், சீரியம் என்ற இரண்டு உலோகங்களின் உப்புக் கரைசலில் நனைத்துக் காய வைப்பார்கள். முதல் தடவை பற்ற வைக்கும்போதே நூல் முழுவதும் எரிந்து போய்விடும். அந்த உலோகங்களின் ஆக்சைடு மட்டும் வலை வடிவில் எலும்புக்கூடு மாதிரி நிற்கும். அதுதான் சூட்டில் வெள்ளை வெளேரென்று ஒளி விடுகிறது. தொட்டால் பொடிப்பொடியாக உதிர்வதற்கும் அதுவே காரணம். இதைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த கார்ல் ஆவர் வான் வெல்ஸ்பாக். 1885-ல் அவர் முதல் காப்புரிமை பெற்றார். நூற்றுக்கு 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு என்ற கலவைக்கு 1891-ல் வந்து சேர்ந்தார்.

ஐரோப்பாவின் தெருவிளக்குகளில் எரிந்த அந்தத் தோரியத்தின் ஒரு பெரும் பங்கு எங்கிருந்து போனது தெரியுமா? நம் தென்கோடிக் கடற்கரை மணலில் இருந்து! கேரளத்தின் சவரா தொடங்கி, கன்னியாகுமரியைச் சுற்றிக்கொண்டு, நெல்லைக் கடற்கரை வழியாகத் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிகள் வரை இந்தத் தாது மணல் பரவிக் கிடக்கிறது. இந்த மணலின் நூற்றாண்டு வரலாற்றில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு உலோகத்தின் பயன் என்ன என்பதை யார் கண்டுபிடிப்பது, யார் ஊருக்குச் சொல்வது?

சிறு உலோகம் என்றால் என்ன?

இரும்பு, தாமிரம், அலுமினியம், துத்தநாகம் எல்லாம் பெரிய உலோகங்கள். லட்சக்கணக்கான டன்களில் புழங்குபவை. சந்தையில் இவற்றுக்குத் தினசரி விலை உண்டு. டைட்டானியம், சிர்க்கோனியம், ஹாஃப்னியம், டாண்டலம், செலினியம், டெலூரியம், அரிய மண் உலோகங்கள் என்று இன்னொரு வரிசை இருக்கிறது. வணிக உலகம் இவற்றைச் சிறு உலோகங்கள் என்கிறது. பூமியில் குறைவாக இருப்பதால் வந்த பெயர் என்று நினைக்கக் கூடாது. டைட்டானியம் பூமியின் மேலோட்டில் தாராளமாகவே இருக்கிறது. சிறியது என்பது சந்தையின் அளவு.

இவற்றில் பலவற்றுக்கு இன்னொரு குணம் உண்டு. அவை தனியாகக் கிடைப்பதில்லை. தாமிரத்தைச் சுத்திகரிக்கும் தொட்டியின் அடியில் ஒரு சேறு படியும். அந்தச் சேற்றில் இருந்துதான் செலினியமும் டெலூரியமும் எடுக்கப்படுகின்றன. செலினியத்துக்கு விலை ஏறிவிட்டது என்பதற்காக யாரும் புதிதாகத் தாமிரச் சுரங்கம் தோண்ட மாட்டார்கள். அதாவது விலை ஏறினால் உற்பத்தி ஏறும் என்ற பாடப்புத்தக விதி இங்கே சரியாக வேலை செய்யாது. தேவை திடீரென்று கூடினால் தட்டுப்பாடு. தேவை திடீரென்று விழுந்தால் குடோனில் தேக்கம்.

அதைவிடப் பெரிய சிக்கல், இந்த உலோகங்களை வைத்து என்ன செய்யலாம் என்பதே பலருக்குத் தெரியாது. ஒரு கம்பெனி தன் பணத்தைப் போட்டு ஆராய்ச்சி செய்து ஒரு புதிய பயனைக் கண்டுபிடித்தால், அதனால் வரும் வியாபாரம் போட்டிக் கம்பெனிக்கும் போகும். அப்படியானால் யார் முதலில் செலவு செய்வது? எல்லோரும் சேர்ந்து செலவு செய்வதே வழி. சங்கம் பிறப்பது இந்த இடத்தில்தான்.

கயிற்றில் ஒட்டி வந்த மணல்

1909-ம் ஆண்டு ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரில் இருந்து இறக்குமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மின்னும் மஞ்சள் துகள்களைக் கவனித்தார். சோதித்துப் பார்த்தால் அது மோனசைட்! தோரியமும் சீரியமும் அடங்கிய தாது. கயிறு வந்த வழியைப் பிடித்துக்கொண்டே மணவாளக்குறிச்சி வரை வந்துவிட்டார். சீக்கிரமே அங்கு மணல் பிரிக்கும் வேலை தொடங்கியது. அப்போது மணவாளக்குறிச்சி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1-ல்தான்.

அந்தக் காலத்தில் உலகத் தோரியம் வியாபாரம் ஜெர்மானிய உற்பத்தியாளர்களின் கையில் இருந்தது. பிரேசில் நாட்டு மோனசைட் மணலைத் தங்கள் பிடிக்குள் வைத்துக்கொண்டு, தங்களுக்குள் உடன்படிக்கை செய்துகொண்டு விலையை நிர்ணயித்தார்கள். ஜெர்மன் தோரியம் கன்வென்ஷன் என்று அதற்குப் பெயர். இதுவும் ஒரு வகையில் சங்கம்தான். ஆனால் பயனைப் பரப்புவதற்கான சங்கம் இல்லை, விலையைப் பிடித்து வைப்பதற்கான சங்கம். 1914-ல் முதல் உலகப்போர் மூண்டதும் திருவிதாங்கூரில் இருந்த ஜெர்மானியப் பங்குகளை பிரிட்டிஷார் அகற்றினார்கள். ஷோம்பர்க் கைது செய்யப்பட்டார். மணல் ஒரு கையில் இருந்து இன்னொரு கைக்கு மாறியது, அவ்வளவுதான்.

பிறகு மின்விளக்கு வந்தது. மேண்டிலின் மவுசு குறைந்தது. தோரியத்துக்காக மணலைச் சலித்தபோது மிஞ்சிய கருமணல் அதுவரை கேட்பாரற்றுக் கிடந்தது. அதன் பெயர் இல்மனைட். அதில் இருந்து டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமியை எடுக்கலாம் என்பது தெரிந்ததும் கதை தலைகீழானது. பெயிண்ட், காகிதம், ரப்பர் என்று எல்லாவற்றுக்கும் அந்த வெள்ளை தேவைப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகுக்கே இல்மனைட் அனுப்பும் முக்கிய இடம் திருவிதாங்கூர்தான். மணல் அதே மணல், கடற்கரையும் அதே கடற்கரை. மாறியது பயன் பற்றிய அறிவு மட்டும். அந்த அறிவு பிறந்தது வேறு நாட்டு ஆய்வுக்கூடங்களில். அதனால் மணல் டன் கணக்கில் கப்பலேறியது. வெள்ளைப் பெயிண்ட் டப்பாவில் அடைபட்டுத் திரும்பி வந்தது.

முத்துக்கும் மணலுக்கும் உள்ள வித்தியாசம்

இந்தக் கடற்கரைக்கு இது முதல் அனுபவம் இல்லை. முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற கரை அல்லவா! பாண்டியர், போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆண்டவர்கள் எல்லோரும் முத்துச் சலாபத்தில் பங்கு வாங்கினார்கள். ஆங்கிலேயர் காலத்தில் குளிப்பவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு சிப்பி, அரசுக்கு இரண்டு பங்கு. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். 1961-ல் நடந்த சலாபத்துக்குப் பிறகு தூத்துக்குடியில் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை.

ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம். முத்து என்றால் என்ன என்று ஆழத்தில் மூச்சுப் பிடித்துச் சிப்பி எடுத்தவருக்கும் தெரியும், ஏலம் எடுத்த வியாபாரிக்கும் தெரியும். பங்கு அநியாயம் என்று சண்டை போடவாவது முடியும். மணல் அப்படி இல்லை. கரையில் வலை காய வைத்தவருக்குக் காலடியில் இருப்பது கருமணல். அதைத் தோரியம் என்றும் டைட்டானியம் என்றும் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டும். தெரியாத பொருளுக்குப் பங்கு கேட்பது எப்படி?

சங்கங்கள் பிறந்த கதை

மேலை நாடுகளில் இந்தப் பயன் அறிவைக் கம்பெனிகள் கூட்டாக வளர்க்க ஆரம்பித்தன. 1973-ல் லண்டனில் சிறு உலோக வணிகச் சங்கம் தொடங்கியது. தினசரிச் சந்தை விலை இல்லாத உலோகங்களை வாங்கி விற்பவர்களுக்கு இது பொதுவான வணிக விதிகளை வகுத்தது. அடுத்த ஆண்டே, 1974-ல், டாண்டலம் உற்பத்தியாளர்கள் பிரஸ்ஸல்ஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு சர்வதேச ஆய்வு மையம் அமைத்தார்கள். பின்னர் நியோபியமும் அதில் சேர்ந்தது. உற்பத்திப் புள்ளிவிவரம் திரட்டுவது, மாநாடு கூட்டுவது, தாதுவில் உள்ள இயற்கைக் கதிரியக்கத்தைக் காரணம் காட்டிக் கப்பல் கம்பெனிகள் சரக்கை மறுக்கும்போது முறையான விதிகளுக்காக வாதாடுவது என்று அதன் வேலைகள் விரிந்தன.

டைட்டானியத்தின் கதை இன்னும் சுவையானது. 1791-ல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக் கருமணலில் வில்லியம் கிரிகோர் என்ற பாதிரியார் கண்டுபிடித்த உலோகம் இது. இரும்பை விட லேசானது, உறுதியானது, கடல் நீரிலும் துருப்பிடிக்காதது. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் அதன் முக்கிய வாடிக்கையாளர் விமானத் தொழில்தான். போர் விமான ஆர்டர் குறைந்தால் டைட்டானிய ஆலைகள் படுத்துவிடும். அமெரிக்க உற்பத்தியாளர்கள் 1984-ல் டைட்டானியம் வளர்ச்சிச் சங்கம் அமைத்ததன் பின்னணி இதுதான். பிற்காலத்தில் அதுவே சர்வதேச டைட்டானியம் சங்கம் ஆனது. ரசாயன ஆலைக் குழாய், செயற்கை மூட்டு, பல் சிகிச்சை, கோல்ஃப் மட்டை என்று ஒவ்வொரு துறைப் பொறியாளரிடமும் இந்த உலோகத்தின் குணங்களைக் கொண்டு சேர்க்க வேண்டியிருந்தது. தெரியாத உலோகத்தை எந்தப் பொறியாளரும் தன் வரைபடத்தில் எழுத மாட்டார் அல்லவா?

இந்தியாவில் சங்கத்தின் இடத்தில் அரசு

நம் நாட்டில் பாதை வேறாக அமைந்தது. 1945-ல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த பிறகு தோரியம் விளக்குச் சமாசாரமாக இல்லை, அணுசக்தி சமாசாரமாகிவிட்டது. 1946-ல் திருவிதாங்கூர் மோனசைட் ஏற்றுமதியைத் தடை செய்தது. 1947-ல் தனி நாடாக இருப்போம் என்று திவான் சர் சி.பி. ராமசாமி அய்யர் அறிவித்ததற்குப் பின்னால் இந்த மணல் தந்த தெம்பும் இருந்தது. அந்த அறிவிப்பு நிலைக்கவில்லை. சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது.

1948-ல் அணுசக்திச் சட்டம் வந்தது. 1950-ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1952 டிசம்பரில் ஆலுவாவில் மோனசைட்டைப் பிரிக்கும் ஆலையைப் பிரதமர் நேரு திறந்து வைத்தார். 1960-களில் மணவாளக்குறிச்சி, சவரா மணல் ஆலைகளும் இந்த நிறுவனத்தின் கீழ் வந்தன. சட்டம் போடுபவர், மணல் எடுப்பவர், ஆராய்ச்சி செய்பவர், வாங்குபவர் எல்லாமே மத்திய அரசின் அணுசக்தித் துறைதான். மற்ற நாடுகளில் பத்துக் கம்பெனிகள் கூடிச் சங்கம் வைத்துச் செய்ததை இங்கே ஒரே துறை செய்தது.

இதனால் பலன் இல்லாமல் இல்லை. அதற்கு நல்ல சாட்சி தூத்துக்குடிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

பழையகாயல்

தாமிரபரணி கடலில் சேரும் இடத்தருகே உள்ள ஊர் பழையகாயல். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதிய காயல் துறைமுகம் இந்தப் பகுதிதான் என்பார்கள். முத்தும் குதிரையும் கைமாறிய இடம். இங்கே 2009-ல் ஹைதராபாத் அணு எரிபொருள் வளாகத்தின் கிளையாகச் சிர்க்கோனியம் ஆலை இயங்கத் தொடங்கியது. ஆண்டுக்கு 500 டன் சிர்க்கோனியம் ஆக்சைடும், 250 டன் சிர்க்கோனியம் ஸ்பாஞ்சும் தயாரிக்கும் திறன் கொண்டது.

சிர்க்கோனியம் எதற்கு? அணு உலையில் யுரேனிய எரிபொருளைக் குழாய்களில் அடைத்து வைக்க வேண்டும். அந்தக் குழாய் சூட்டையும் நீரையும் தாங்க வேண்டும். அதோடு நியூட்ரான்களை விழுங்கிவிடக் கூடாது. சிர்க்கோனியம் நியூட்ரானை மிகக் குறைவாகவே விழுங்கும். ஆனால் அதனோடு இயற்கையிலேயே ஒட்டிப் பிறக்கும் ஹாஃப்னியமோ ஏறக்குறைய 600 மடங்கு விழுங்கும்! வேதியியலில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போல. 1789-ல் ஜெர்மனியில் கிளாப்ரோத் என்பவர் சிர்க்கோனியத்தைக் கண்டறிந்தார். 1923-ல் கோபன்ஹேகனில் ஹாஃப்னியம் பிடிபடும் வரை, அதற்குள் இன்னொரு உலோகம் ஒளிந்திருப்பது உறுதியாகவில்லை. கிளாப்ரோத் சோதித்த கல் எங்கிருந்து போனது என்றால், மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் உள்ள இலங்கையில் இருந்து!

மணலில் இருக்கும் சிர்க்கானைக் காஸ்டிக் சோடாவோடு சேர்த்து உருக்கி, அமிலத்தில் கரைத்து, கரைப்பான் மூலம் ஹாஃப்னியத்தைப் பிரித்து, பிறகு குளோரினோடு சேர்த்து, கடைசியில் மக்னீசியத்தால் உலோகமாக்க வேண்டும். இத்தனை படிகளுக்குப் பின் கிடைக்கும் துளைகள் நிறைந்த உலோகம்தான் ஸ்பாஞ்ச். கயிற்றில் ஒட்டிக்கொண்டு வெளிநாடு போன மணலுக்கும் இதற்கும் இடையே ஒரு நூற்றாண்டு. அந்த நூற்றாண்டில் படித்த படிப்பு பழையகாயலில் தெரிகிறது.

தனியார் ஆலையும் உண்டு. ஆறுமுகநேரிக்கு அருகே சாகுபுரத்தில் தூத்துக்குடி உப்பைக் கொண்டு காஸ்டிக் சோடா தயாரிக்கும் டி.சி.டபிள்யூ. நிறுவனம், அதில் கிடைக்கும் குளோரினை அமிலமாக்கி, அந்த அமிலத்தால் இல்மனைட்டில் உள்ள இரும்பைக் கரைத்துச் செயற்கை ரூட்டைல் செய்து வந்தது. உப்பளமும் கருமணலும் ஒரே ஆலைக்குள் சந்தித்த கதை அது.

விட்டுப்போன நாற்காலி

இவ்வளவு இருந்தும் கணக்கு ஏன் நேராகவில்லை?

1998-ல் கடற்கரை மணல் கனிமங்கள் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டன. தென்மாவட்டக் கடற்கரையில் இருந்து கார்னெட்டும் இல்மனைட்டும் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஏராளமாக ஏற்றுமதியாயின. பெரும்பாலும் மணலாகவே போயின. ஆலை வைத்து மதிப்புக் கூட்ட ஒரு பெரிய முயற்சியும் நடந்தது. சாத்தான்குளம் பகுதித் தேரி மணலில் இருந்து டைட்டானியம் டை ஆக்சைடு எடுக்க டாடா நிறுவனம் திட்டமிட்டது. 2500 கோடி ரூபாய்த் திட்டம். 2007 ஜூனில் தமிழக அரசோடு ஒப்பந்தமும் ஆனது. ஆனால் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் வேண்டும் என்றதும் மக்கள் எதிர்த்தார்கள். பனையும் முருங்கையும் வைத்துப் பிழைப்பவர்களுக்கு டைட்டானியத்தால் என்ன கிடைக்கும் என்று யாரும் நம்பும்படி சொல்லவில்லை. திட்டம் நின்றது.

2013 ஆகஸ்டில் தூத்துக்குடி மாவட்டத்தில் சட்டவிரோத மணல் அள்ளல் பற்றி விசாரிக்க ககன்தீப் சிங் பேடி தலைமையில் குழு அமைத்து மாநில அரசு தாது மணல் எடுக்கத் தடை விதித்தது. அடுத்த மாதமே தடை மற்ற மாவட்டங்களுக்கும் நீண்டது. 2018-ல் ஏற்றுமதி முழுவதும் அரசு நிறுவனம் வழியாகவே என்றானது. 2019-ல் மத்திய அரசின் விதித் திருத்தம் தனியாருக்குக் கதவை மூடியது. 2025 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. சுமார் 5832 கோடி ரூபாயை வசூலிக்க அரசு எடுத்த நடவடிக்கையும் செல்லும் என்றது.

கடற்கரைக் கனிம உற்பத்தியாளர்களுக்கும் ஒரு சங்கம் இருந்தது. தடை வந்த பிறகு அதன் பேச்சு வேலைவாய்ப்பு, அந்நியச் செலாவணி, தடை நீக்கம் பற்றியதாகத்தான் செய்திகளில் வந்தது. புதிய பயன்களைத் தேடி ஆய்வுக்கூடம் வைத்த சங்கமாக அது ஊருக்குத் தெரியவில்லை. அரசு நிறுவனத்தின் நிலையும் எளிதாக இல்லை. கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டாரத்தில் 1144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024-ல் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவித்தபோது, மீனவ கிராமங்கள் திரண்டு எதிர்த்தன. கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. கதிரியக்கம், கடலரிப்பு, புற்றுநோய் பற்றிய அவர்களுடைய பயத்துக்கு அவர்கள் நம்பும் ஒருவர் உட்கார்ந்து பதில் சொல்லும் இடம் இன்றுவரை இல்லை.

இதற்கிடையில் உலகமோ அவசரத்தில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் சீனா ஏழு அரிய மண் உலோகங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்ததும், இந்தியாவில் மின்சார வாகனம் செய்பவர்கள் காந்தத்துக்கு அலைந்தார்கள். 1 கோடியே 30 லட்சம் டன்னுக்கு மேல் மோனசைட் வைத்திருக்கும் நாட்டுக்கு இந்த நிலை! மணல் இருக்கிறது, காந்தம் இல்லை. 1920-களில் இல்மனைட் இருந்தது, பெயிண்ட் இல்லை. நூறு வருடத்தில் பொருள் மாறியிருக்கிறதே தவிர கணக்கு அப்படியே இருக்கிறது.

சங்கத்துக்கு யார் உறுப்பினர்?

லண்டனிலும் பிரஸ்ஸல்ஸிலும் உள்ள சங்கங்களிடம் கற்றுக்கொள்ள விஷயம் உண்டு. ஒரு உலோகத்தின் பயனைத் தேடும் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம், புள்ளிவிவரத்தைத் திறந்து வைக்கலாம், சிறு தொழில் செய்பவருக்கும் தகவல் போய்ச் சேரலாம். இந்தியாவில் எல்லாமே ஒரே துறைக்குள் இருந்ததால் சிர்க்கோனியம் போன்ற கஷ்டமான உலோகத்தையும் செய்ய முடிந்தது. அணு உலைக்குத் தேவையானது கிடைத்தது. ஆனால் அதற்கு வெளியே உள்ள பயன்களை யாரும் பெரிதாகத் தேடவில்லை. தகவல்களும் அணுசக்தி ரகசியம் என்ற பூட்டுக்குள்ளேயே இருந்து பழகிவிட்டன.

அதே சமயம் அந்த மேலை நாட்டுச் சங்கங்களிலும் ஒரு குறை உண்டு. அவற்றில் உற்பத்தியாளர் உண்டு, வியாபாரி உண்டு, விஞ்ஞானி உண்டு. தாது கிடக்கும் மண்ணில் குடியிருப்பவருக்கு நாற்காலி இல்லை. தூத்துக்குடிக் கரையில் இப்படி ஒரு சங்கம் என்றாவது அமைந்தால், பழையகாயல் விஞ்ஞானியும், துறைமுகக் காரரும், சிறு ஆலை முதலாளியும் உட்காரும் மேசையில், பெரியதாழையில் இருந்தோ மணவாளக்குறிச்சியில் இருந்தோ வரும் மீனவருக்கும் ஒரு இடம் வேண்டும். முத்துச் சலாபத்தில் மூன்றில் ஒரு பங்காவது அவர் கையில் இருந்தது. மணலில் அதுகூட இல்லை.

செந்தில் கேட்ட சந்தேகத்துக்குக் கவுண்டமணி திட்டினாரே தவிர பதில் சொல்லவில்லை. இந்தக் கடற்கரை மக்கள் கேட்கும் சந்தேகங்களுக்கும் நூறு வருடமாக அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது. பதில் சொல்லும் ஒரு சங்கம் இருந்திருந்தால், ஒருவேளை மேண்டில் உடையாமல் இருந்திருக்கும்!